திருகோணமலையில் இருந்தபடியே ராப் பாடகராக முதல் ஆண்டுகளைக் கடப்பது பற்றி

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறார். இணையத்திலிருந்து இறக்கிய பீட்டுகளின் (குரல் இல்லாத பின்னணித் தாள இசை) மேல் பாடி, யூடியூபில் சில பாடல்களை வெளியிட்டிருக்கிறார். நண்பர் வட்டத்துக்கு வெளியேயும் அவற்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இனி வளர வேண்டுமானால் கொழும்புக்கோ சென்னைக்கோ போயாக வேண்டுமா, பீட்டுக்குக் காசு கொடுப்பது அவசியமா, காணொளிச் செலவைத் தாம் ஏற்பதாக ஒரு நிறுவனம் சொல்வதால் அடுத்த பாடலை அவர்களிடம் கொடுத்துவிடலாமா என்பவையே அந்தக் கேள்விகள். திருகோணமலையில் ஒலிப்பதிவும் மேடை ஒலியமைப்பும் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வழக்கமாக ஓர் இசை நிறுவனம் செய்யும் அலுவலக வேலைகளைப் பாடகர் தாமே செய்து முடிப்பதால்தான் பாடலின் உரிமை அவர் கையில் தங்குகிறது. அந்த வேலைகளைச் செய்யாமல் தனித்து நிற்பவருக்கு நிறுவனத்தின் பலமும் இல்லை, உரிமையின் பாதுகாப்பும் இல்லை.

ஊரை விட்டுப் போவது பற்றிய என் கருத்து, இப்போதைக்கு வேண்டாம் என்பது. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் தமது முதல் மாதிரிப் பதிவுகளை இரவல் வாங்கிய ஒரு ரோலண்ட் எம்சி-505 மின்னணுத் தாளக் கருவியை வைத்து வீட்டிலேயே செய்தார். அவருடைய 'கலாங்' 2003இல் ஒரு சிறு நிறுவனம் வழியாக 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது, முதல் தொகுப்பு வர 2005 ஆயிற்று. அவர் பெருநகரில் இருந்தவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த முதற்கட்டத்தில் அவருக்கு உதவியது நகரத்தைவிட, ஒரு சிறு கருவியை முழுமையாகக் கற்றுக்கொண்டதும், யாரையும் போல ஒலிக்காத ஒரு குரலை உருவாக்கிக்கொண்டதும்தான். சென்னையின் கதை வேறு. ஹிப்ஹாப் தமிழா 2011இல் யூடியூப் வழியே பரவிய ஒரு பாடலால் கவனம் பெற்று, 2012இல் தனித் தொகுப்பு வெளியிட்டு, அதன் பிறகு திரையிசைக்குள் போனார்கள். இலங்கையிலிருந்து சென்ற ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் 'கடல்' (2013) படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் பாடினார். அங்கே வாசல் என்பது பெரும்பாலும் சினிமா. சினிமாவில் பாடுவதே உங்கள் நோக்கமானால் சென்னை பொருந்தும்; உங்கள் பெயரில் உங்கள் பாடல்களைச் சேர்ப்பது நோக்கமானால், வாடகைக்கு உழைத்துக் களைத்துப்போய் எழுதாமல் இருப்பதைவிட, வீட்டுச் சாப்பாட்டோடு இருந்து எழுதுவது நல்லது. கொழும்பில் ஒரு வானொலி நேர்காணலோ படப்பிடிப்போ வந்தால் இரவு பஸ்ஸில் போய் மறுநாளே திரும்பலாம்.

ஊரில் இருப்பதற்கு இன்னொரு காரணம் மொழி. நீங்கள் அனுப்பிய பாடல்களில் உங்கள் பேச்சு எங்கேயும் இல்லை. சென்னைப் படங்களில் கேட்ட 'கெத்து', 'செம', 'மாஸ்' ஆகியவை வரிசையாக வருகின்றன. நீங்கள் தெருவில் கதைக்கும் தமிழ் ஒரு வரியிலும் காணப்படவில்லை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களின் பேச்சும், துறைமுகத்தில் புழங்கும் சிங்களச் சொற்களும், கோயில் மேளத்தின் சொற்கட்டும் ஒன்றோடொன்று உரசும் ஊர் இது. இந்த ஓசை சென்னையில் யாருக்கும் வராது. கேட்பவர் முதல் நான்கு வரிகளுக்குள் இது எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் ஊர்ப்பேச்சில் எழுதினால் மட்டும் போதாது, அதைத் தாளத்தில் உட்காரவைக்கத் தெரிய வேண்டும். ஒரு பார் என்பது நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் பதினாறு இடங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தது இங்கே அப்படியே பயன்படுகிறது. குறில் ஓரிடத்தையும் நெடில் ஈரிடத்தையும் எடுத்துக்கொள்ளும்படி எழுதினால் வரி இயல்பாகவே தாளத்தில் இறங்கும். ஆங்கில ராப் பாடகரின் ஓட்டத்தை அப்படியே பிடித்து, அதன் நீண்ட இடங்களில் தமிழ்க் குறிலைப் போட்டு இழுத்தால் 'படு' என்பது 'பாடு' ஆகிவிடும், 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். உங்கள் இரண்டாவது பாடலின் பல்லவியில் எனக்கு வரிகள் விளங்காமல் போனதற்கு இதுதான் காரணம். ஒலிப்பதிவை எவ்வளவு திருத்தினாலும் அது சரியாகாது.

இயைபு பற்றியும் சொல்ல வேண்டும். வரியின் கடைசியில் 'வாறன், போறன், நிக்கிறன், பாக்கிறன்' என்று வினைமுற்றுகளைச் சேர்ப்பது தமிழில் மிக எளிது, ஏனெனில் அந்த ஒலியொற்றுமையை இலக்கணமே இலவசமாகத் தருகிறது. இலவசமாக வருவதைக் கேட்பவர் காதும் மதிப்பதில்லை. எட்டு வரிக்குள் சலித்துவிடும். நம் மரபில் ஒலியின் கனம் இருப்பது வரியின் தொடக்கத்தில். உப்புவெளியில் ஏறிக் கப்பல்துறையில் இறங்குகிற ஒருவனைப் பற்றி எழுதிப் பாருங்கள்: 'உப்புவெளி பஸ்ஸில ஒற்றைக் காலில நிண்டவன், கப்பல்துறை வந்ததும் காசை எண்ணிக் கொண்டவன்.' இரண்டு ஊர்ப் பெயர்களும் எதுகையாக நின்று வரிகளைத் தாங்குகின்றன. 'ஒற்றை' என்பதும் 'காசை' என்பதும் அந்தந்த வரியின் முதற்சொல்லோடு மோனையில் பொருந்துகின்றன. கடைசி இயைபு அதன் மேல் கூடுதலாகக் கிடைப்பது. கிண்ணியாவும் கன்னியாவும் மெல்லின எதுகையில் வரும். இந்த ஊரின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனாலே ஒரு பாடலுக்கான எதுகைகள் சேர்ந்துவிடும். திருஞானசம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பாடிய பதிகத்தையும் அருணகிரிநாதரின் திருப்புகழையும் பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சந்தத்துக்காக மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு எங்கே விடப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் 16 பார் என்பது 64 தட்டு, அதாவது ஏறத்தாழ 43 விநாடி. இரண்டு சரணங்களும், எட்டு பார் கொண்ட பல்லவி மூன்று தடவையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் வரும். புதியவரின் பாடலுக்கு அது போதும். உங்கள் பாடல்கள் நான்கு நிமிடத்தைத் தாண்டுவதற்குக் காரணம் சொல்ல நிறைய இருப்பதல்ல, மூன்றாவது சரணத்தில் முதலாவதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வதுதான்.

அடுத்தது பீட். தம்பிமார் அதிகம் இழப்பது இங்கேதான். யூடியூபில் 'இலவசம்' என்று தலைப்பிட்டுக் கிடக்கும் பீட்டுகளில் பெரும்பாலானவை, வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். உங்கள் பாடலை ஸ்பொட்டிஃபையில் இட்டாலோ, சேனலில் விளம்பரம் ஓடினாலோ அந்த அனுமதி அங்கேயே முடிந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் பீட்டிலும் இரண்டு வகை உண்டு. குத்தகை உரிமம் மலிவானது. ஆனால் அதே பீட்டை அதைச் செய்தவர் வேறு பலருக்கும் விற்பார், உங்களுக்கான அனுமதியும் குறிப்பிட்ட கேட்பு எண்ணிக்கை வரை அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் வரைதான் செல்லும். தனியுரிமை பல மடங்கு விலை; வாங்கிய பிறகு அவர் அதை வேறொருவருக்கு விற்க முடியாது. புதியவருக்குக் குத்தகையே போதும் என்பது என் கருத்து, ஆனால் உரிமத் தாளை வாசிக்க வேண்டும், அதன் பிரதியையும் பணம் கட்டிய சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.

குத்தகை பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. பாடலைத் தளங்களில் சேர்த்துவிடும் விநியோக நிறுவனம் வழியாக அதை அனுப்பும்போது, யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் பதிவு செய்யவா என்று ஒரு தெரிவு வரும். யாராவது உங்கள் பாடலைத் தங்கள் காணொளியில் பயன்படுத்தினால் அந்த அமைப்பு கண்டுபிடித்து வருவாயை உங்கள் பக்கம் திருப்பும் என்பதால், பலர் மகிழ்ச்சியோடு அதைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் பீட் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே பீட்டை வாங்கிய வேறு ஊர்ப் பாடகரின் பாடல் மீதும், பீட்டைச் செய்தவரின் சொந்தக் காணொளி மீதும் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் பாயும். அவர்கள் முறைப்பாடு செய்வார்கள், விநியோகஸ்தர் உங்கள் பாடலை எல்லாத் தளங்களிலிருந்தும் இறக்கிவிடுவார். இதுவே மறுபக்கமாகவும் நடக்கும்: வேறொருவர் முந்திக்கொண்டு பதிவு செய்திருந்தால், உங்கள் பாடல் ஓடத் தொடங்கிய வாரத்தில் அதன் விளம்பர வருவாய் அவருக்குப் போகும். என்னிடம் பதிவு செய்த ஒருவருக்கு இது நேர்ந்தது. உரிமத் தாளை அவர் பத்திரப்படுத்தியிருந்ததால் மறுப்புத் தெரிவித்து மீட்டுக்கொண்டார், ஆனால் பாடல் சூடாக இருந்த நாட்களின் அலைச்சல் வேறு எதையும் செய்யவிடவில்லை.

இந்தச் சிக்கல் எல்லாவற்றுக்கும் நேரான வழி, பீட்டை ஊரிலேயே செய்வது. எஃப்எல் ஸ்டூடியோவில் கை பழகிய பெடியன் ஒருவன் இன்று எந்தத் தெருவிலும் இருப்பான். அந்த மென்பொருளின் இலவசப் பதிப்பில் சேமித்த வேலையை மீண்டும் திறக்க முடியாது என்பதால் ஒரே அமர்வில் முடித்து ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கும். கைபேசியிலேயே தொடங்குபவருக்கு பேண்ட்லாப் இலவசம். பழைய சினிமாப் பாட்டின் துண்டை வெட்டிப் போடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கான அனுமதி உங்கள் கைக்கு எட்டாது. அதற்குப் பதிலாகக் கோயிலில் உடுக்கு அடிப்பவரையோ, கிண்ணியாவில் றபான் மேளம் அடிப்பவரையோ அழைத்து நான்கு நிமிடம் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உரிய காசைக் கையில் கொடுத்து, அந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்குங்கள். பீட் செய்த நண்பனோடும் அப்படியே: யாருக்கு எத்தனை சதவீதம், பெயர் எப்படிப் போட வேண்டும் என்பதை வெளியிடும் முன் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு ஓடாதபோது இந்தத் தாள் தேவைப்படாது. ஓடத் தொடங்கிய பின் அதை எழுதச் சொன்னால் நட்பு தாங்காது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் எழுதிய வரிகளுக்கு எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உண்டு. பதிவு எதுவும் தேவையில்லை, உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். ஆனால் யார் எதை எப்போது செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால், திகதியுள்ள மின்னஞ்சல்களையும் மூலக் கோப்புகளையும் அழிக்காதீர்கள்.

ஒலிப்பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறை எதிரொலித்தால் விலையுயர்ந்த கண்டென்சர் மைக் அந்த எதிரொலியையும் காகத்தையும் தெருவில் போகும் முச்சக்கரவண்டியையும் சேர்த்தே பதியும்; சுவரில் மெத்தையைச் சாய்த்துவிட்டு, ஒரு சாதாரண டைனமிக் மைக்கில் நெருக்கமாகப் பாடுவது மேல். கச்சான் என்னும் வறண்ட சூடான காற்று வீசும் மாதங்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவது கொடுமைதான், அதனால் என்னிடம் வருபவர்களை இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வரச் சொல்கிறேன். கலவை முடிந்ததும் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்ந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கைபேசியின் ஒலிவாயில் அடிப்பகுதி பேஸ் கேட்கவே கேட்காது. பேஸுக்குச் சற்றுச் சிதைவு கொடுத்து மேல் ஒலிகளை உண்டாக்கினால்தான் அங்கே அதன் நிழலாவது தெரியும்.

வெளியிடுவதிலும் பணத்திலும் பொறுமை வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடலை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும், உரிமை உங்களிடமே இருக்கும். வெளியிடும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்; பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பொட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாடலை முன்வைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முந்த வேண்டும். கலைஞர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே தேடிப் பாருங்கள், அதே பெயரில் வேறொருவர் இருந்தால் உங்கள் பாடல்கள் அவர் பக்கத்தில் போய் விழும்.

வருவாய்க் கணக்கு இப்படித்தான் இருக்கும். யூடியூபில் முழு விளம்பர வருவாய்க்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும், அல்லது அதே சந்தாதாரர்களோடு ஷோர்ட்ஸ் குறுங்காணொளிகள் வழியாக 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். இரண்டரை நிமிடப் பாடலை ஒவ்வொருவரும் கடைசிவரை பார்த்தால்கூட 4,000 மணிநேரத்துக்கு 96,000 பார்வைகள் தேவை. தகுதி பெற்ற பின் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யும் இரகசிய எண் தபாலில் வரும்; ஒழுங்கை இலக்கத்தைச் சரியாக எழுதாமல் அந்தக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். பணம் வங்கிக்கு வர 100 டொலர் சேர வேண்டும். ஸ்பொட்டிஃபை 2021இல்தான் இலங்கைக்கு வந்தது. 2024 முதல், ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பங்கு கிடையாது. இலங்கையில் சந்தா விலை குறைவு என்பதால் இங்கிருந்து வரும் ஒரு கேட்பைவிட ரொறன்ரோவிலோ லண்டனிலோ சந்தா கட்டியவரின் ஒரு கேட்பு அதிகம் ஈட்டும். இதைத் தெரிந்துகொண்டு சிலர் புலம்பெயர்ந்தோருக்காகவே ஊர் ஏக்கத்தையும் போரையும் அரைத்து அரைத்துப் பாடுகிறார்கள். உங்களுக்குச் சொல்ல அது இருந்தால் சொல்லுங்கள், சந்தைக்காக வேண்டாம். அங்கே பிறந்த தலைமுறை போலியை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும். பார்வைகளை விலைக்கு வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். செயற்கைக் கேட்புக்காகத் தளங்கள் விநியோகஸ்தரிடம் தண்டம் அறவிடுகின்றன, அவர் உங்கள் பாடலை நீக்கிவிடுவார்.

ஆகவே முதல் ஆண்டுகளில் கைக்காசு வருவது மேடையிலிருந்துதான், அதுவும் கொஞ்சமாக. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாக மாணவர் நிகழ்ச்சிகள், பாடசாலை விழாக்கள், பருவகாலத்தில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகள், திருவிழா இரவுகளில் இசைக்குழுவுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடம் ஆகியவை இங்கே உள்ள மேடைகள். இசைக்குழுக்காரர்களோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள். மேடையும் ஒலியும் அவர்கள் கையில். தலைமைக் குரல் நீக்கிய டிராக்கை இரண்டு பென் டிரைவில் கொண்டுபோங்கள். நம் ஊர் ஒலியமைப்புகள் பெரும்பாலும் மோனோவில், அதாவது இடது வலது ஒலிகளை ஒன்றாகக் கலந்து ஓடுபவை; ஸ்டீரியோவில் விரித்துச் செய்த ஒலிகள் அதில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் வீட்டிலேயே மோனோவில் போட்டுக் கேளுங்கள். மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது காணொளியில் அழகாக இருக்கும். மேடையில் அது பின்பக்க ஒலியைத் தடுக்கும் துளைகளை அடைத்துவிட, குரல் மங்கி, ஒலிபெருக்கி ஊளையிடும். ஒலியமைப்பவர் உங்கள் குரலைக் குறைப்பார், நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். தண்டைப் பிடியுங்கள்.

இனி அந்த நிறுவனம். காணொளிச் செலவை ஏற்று, பாடலைத் தங்கள் சேனலில் வெளியிடுவதாகச் சொல்கிறார்கள். வெளியார் உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க ஹிப்ஹாப் இரட்டையரான மெக்கில்மோரும் ரையன் லூவிஸும் 2012இல் தங்கள் தொகுப்பைச் சொந்தமாக வெளியிட்டபோது, விநியோகத்துக்கும் வானொலி விளம்பரத்துக்கும் வார்னர் குழுமத்தின் பிரிவுகளைக் கூலி கொடுத்து அமர்த்தினார்கள். மூல ஒலிப்பதிவு அவர்களிடமே இருந்தது. சான்ஸ் த ராப்பர் 2016இல் தமது தொகுப்பை இரண்டு வாரத்துக்கு மட்டும் அப்பிள் மியூசிக்குக்குத் தந்ததற்கு ஐந்து இலட்சம் டொலர் பெற்றதாக அவரே பின்னர் சொன்னார். அந்த இரண்டு வாரம் முடிந்ததும் பாடல்களை அவர் வேண்டிய இடத்தில் கொடுத்தார். இரண்டிலும் எதைக் கொடுக்கிறோம், எத்தனை காலத்துக்கு என்பது முன்கூட்டியே தெளிவாக இருந்தது. உங்களுக்கு வந்திருப்பது வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரி. அதில் காலமும் இல்லை, மூல ஒலிப்பதிவு யாருடையது என்பதும் இல்லை.

ஆகவே நான்கு விடயங்களை எழுத்தில் கேளுங்கள். மூல ஒலிப்பதிவும் வரிகளும் உங்களுடையவை என்றும், காணொளியை மட்டும் இத்தனை ஆண்டுகளுக்கு அவர்கள் சேனலில் வைத்திருக்கலாம் என்றும், அதுவரை விளம்பர வருவாயில் உங்கள் பங்கு இவ்வளவு, அதன் கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்டுவார்கள் என்றும், அடுத்த பாடல்களுக்கு உங்களை இது கட்டுப்படுத்தாது என்றும் அதில் இருக்க வேண்டும். ஒப்பமிடும் முன் ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அதற்கு ஆகும் கட்டணம் ஒரு படப்பிடிப்பின் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. நேர்மையானவர்கள் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்கள், இரண்டொரு இடத்தில் பேரம் பேசுவார்கள், அது இயல்பு. 'நம்பிக்கைதானே தம்பி, தாள் எதற்கு' என்று பதில் வந்தால் அந்தப் பாடலை அவர்களுக்குக் கொடுக்காமல், திரையில் வரிகள் மட்டும் ஓடும் காணொளியாக உங்கள் சேனலிலேயே இட்டுவிட்டு அடுத்ததை எழுதத் தொடங்குங்கள்.